வீட்டில வேற ஒருத்தரும் தொடாத புத்தகங்கள்: என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

முதல்ல நான் ஆர் எண்டு சொல்லிப்போட்டுத் தொடங்குறன். வயசு 39, கொழும்பு வெள்ளவத்தையில ஒரு மூண்டாம் மாடி ஃபிளாட், வேலை ஒரு ஒபிஸில கணக்குப் பார்க்கிறது. வீட்டில அஞ்சு பேர்: அப்பா, அம்மா, இவர், மகன், நான். அதில கதைப்புத்தகம் வாசிக்கிறது நான் ஒராள் தான். கீழ இருக்கிற கேள்வியள் சொந்தக்காரர் கேட்டது, ஒபிஸில கேட்டது, கொஞ்சம் என்னைப் போலவே தனிய இருந்து வாசிக்கிற ஆக்கள் கேட்டது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லிச் சொல்லி ஒரே மறுமொழியா வந்திட்டுது, அதால ஒரேயடியா எழுதிறன்.

உண்மையா உங்கட வீட்டில ஒருத்தரும் வாசிக்கிறேல்லையோ?

வாசிப்பினம். அப்பா விடிய ஆறரைக்குத் தேத்தண்ணியோட பேப்பர் விரிச்சா மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு எழுத்து விடமாட்டார். அம்மா பஞ்சாங்கம் பார்ப்பா. இவர் போனில கிரிக்கெட் ஸ்கோரும் செய்தியும். மகன் பாடப்புத்தகம். நான் சொல்றது கதைப்புத்தகத்தை, கவிதையை. எங்கட ஆக்களிட்ட ரெண்டு சொல் இருக்கு பாருங்கோ, படிக்கிறது எண்டா சோதினைக்கு, வாசிக்கிறது எண்டா மற்றதெல்லாம். நான் சின்னனில புத்தகத்தோட இருந்தா அம்மா எட்டிப் பார்த்து "படிக்கிறியோ வாசிக்கிறியோ?" எண்டு தான் கேப்பா. படிக்கிறன் எண்டா பிளேன்ரீ வரும், வாசிக்கிறன் எண்டா உடுப்புக் காயப்போட வா எண்டு கூப்பிடுவா. அந்த ஒரு கேள்வியிலயே எங்கட வீடுகளில புத்தகத்துக்கு எவ்வளவு இடம் எண்டு தெரிஞ்சிடும்.

அவையவைக்கு ஒவ்வொரு விருப்பம். அதுக்கு ஏன் கவலைப்படுவான்?

அவைக்கு விருப்பமில்லை எண்டது எனக்குக் கவலை இல்லை. கவலை வேற. இரவு பதினொரு மணி, எல்லாரும் படுத்திட்டினம், ஹோலில ஃபான் சத்தம், காலி வீதியில கடைசி பஸ்ஸுகள் போற சத்தம், கையில ஒரு நாவலின்ர கடைசிப் பக்கம், நெஞ்செல்லாம் அடைச்சுப் போய் இருக்குது, ஆருக்காவது சொல்லோணும் போல இருக்கு, ஆனா எழுப்பிச் சொன்னா "என்ன, சுகமில்லையோ?" எண்டு தான் கேப்பினம். விளக்கை நூத்துப்போட்டுப் போய்ப் படுக்கிறன். இதை இருவது வருசமாச் செய்யிறன். ஒரு நல்ல மீன்குழம்பு வைச்சா அஞ்சு பேரும் சாப்பிடுவம், ஒரு நல்ல கதை வாசிச்சா அது என்னோடயே கிடக்குது, அது தான்.

அப்பிடி என்ன புத்தகங்கள் வைச்சிருக்கிறியள்?

இதுக்கு நீட்டாத் தான் மறுமொழி சொல்லுவன், குறை நினையாதேங்கோ.

கூடுதலா எங்கட நாட்டுத் தமிழ்ப் புத்தகங்கள். சின்னச் சின்ன நாவல், சிறுகதைத் தொகுதி, 100, 150 பக்கம் தான் வரும். 1970இல வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கினாப் போல இந்தியச் சஞ்சிகையள், புத்தகங்கள் முந்தின மாதிரி வரேல்லை, அந்தக் காலத்தில தான் இங்க வீரகேசரி பிரசுரம் போல உள்ளூர் வெளியீடுகள் வரிசையா வந்து சனம் வாங்கி வாசிச்சுது. 77இல திறந்த பொருளாதாரம் எண்டு வந்து இந்தியச் சஞ்சிகையள் திரும்பக் குவிய, உள்ளூர்ப் புத்தகத்துக்கு இருந்த சந்தை சுருங்கிப் போச்சு. பேந்து சண்டை. இப்ப இங்க ஒரு தமிழ்ப் புத்தகம் அடிச்சா 300 பிரதி, 500 பிரதி, அதிலயும் பாதி எழுதினவரின்ர வீட்டுக் கட்டிலுக்குக் கீழ.

இப்ப என்ர மேசையில கிடக்கிற ஒண்டைச் சொல்றன். மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில, மேல சிங்களக் கணிதப் புத்தகம், கீழ யாரோ ஒராளின்ர சட்டக் குறிப்பு, நடுவில அமத்தினபடி கிடந்தது. தாள் தேயிலைச் சாயம் பிடிச்ச நிறம், ஓரம் தொட்டா அப்பளம் மாதிரி நொருங்கும். முதுகில ரெண்டு ஸ்டேப்பிள் கம்பி, ரெண்டும் துருப்பிடிச்சு அந்தத் துரு நாலு பக்கத்துக்கு உள்ள ஊறி, ஒவ்வொரு பக்கத்திலயும் ஒரு சின்னச் சூரியன் மாதிரி செம்மஞ்சள் வட்டம். உள் மட்டையில நீல மையால ஒரு பள்ளிக்கூட நூலகத்தின்ர சீல், ஊர்ப் பெயர் அழிஞ்சிட்டுது. அதுக்குக் கீழ தவணைத் திகதியள், கடைசித் திகதி 1983 ஜூன். ஆரோ ஒரு பிள்ளை ஜூன் மாசம் எடுத்துக்கொண்டு போயிருக்கு, ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடமோ பிள்ளையோ என்ன ஆனது எண்டு எனக்குத் தெரியாது, புத்தகம் மட்டும் என்னட்ட வந்து சேர்ந்திட்டுது. எங்கட வீட்டில இதைப் பார்க்கிற ஆக்கள் கேக்கிறது, "உதென்ன குப்பை, பூச்சி வரப்போகுது". அவையில பிழை இல்லை, வெளியால இருந்து பார்த்தா குப்பை மாதிரித் தான் இருக்கும். ஆனா 500 பிரதி அடிச்சு, எரிஞ்சது போக, நனைஞ்சது போக, விட்டிட்டு ஓடினது போக மிஞ்சினதில ஒண்டு என்ர மேசையில இருக்கு எண்டு நினைக்க எனக்கு அதைத் தூக்கி எறிய மனம் வராது.

அப்பா ஏன் புத்தகம் எண்டா கோவப்படுறார்?

இதைக் கேட்டது என்ர சித்தியின்ர மகள். நானும் கனகாலம் அப்பாவை ஒரு ரசனை இல்லாத மனுசன் எண்டு தான் நினைச்சிருந்தன். புத்தகப் பையோட வீட்டுக்குள்ள வந்தா முகம் மாறும், "இன்னுமோ? எங்க வைக்கப் போறாய்?" எண்டுவார்.

அப்ப எங்கட வீடு யாழ்ப்பாணத்தில. அப்பா சங்கக்கடையில (கூட்டுறவுக் கடை) மனேஜர். 1995 ஒக்டோபர் 30, ஆமி வருகுது எண்டு யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டுது, எனக்கு அப்ப ஒன்பது வயசு. மழை. நாவற்குழிப் பக்கம் ரோட்டில அடி எடுத்து வைக்கேலாத சனம். அப்பா சைக்கிளில முன்னுக்குத் தம்பி, பின்னால காணி உறுதி, பிறப்புச் சேட்டிபிக்கற், ரெண்டு சோடி உடுப்பு, ஒரு சாக்கில அரிசி. அதில புத்தகம் ஒண்டும் இல்லை. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு தான்.

ஏழெட்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் நான் கட்டிலுக்குக் கீழ புத்தகப் பெட்டியைத் தள்ளேக்க அப்பா வந்து பார்த்துக்கொண்டு நிண்டு சொன்னார், வீட்டில ஒரு றங்குப்பெட்டி நிறைய இருந்ததாம், அவரும் பெரியப்பாவும் சேர்த்தது, சஞ்சிகையள் வருசம் வருசமாக் கட்டின கட்டு, பெட்டியை வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து பேந்து திரும்ப உள்ள இழுத்து வைச்சிட்டுக் கதவைப் பூட்டினவராம். "பாரம், பிள்ளை. புத்தகம் சரியான பாரம்." அவ்வளவு தான் சொன்னார், போய் ரீவி போட்டிட்டார். 96இல திரும்பிப் போய்ப் பார்த்த ஆக்கள் வீட்டுக்குக் கூரையே இல்லை எண்டு சொன்னவையாம்.

அதுக்குப் பிறகு அவர் "எங்க வைக்கப் போறாய்" எண்டு கேட்டா நான் சண்டைக்குப் போறேல்லை. இடத்தைக் காட்டுவன். இந்த அலுமாரியில, இந்தத் தட்டில எண்டு. அவருக்கு அது தான் தேவை போல. உங்கட வீட்டிலயும் ஆராவது புத்தகத்தைக் கண்டாச் சினப்பினம் எண்டா, எங்கயோ ஏதோ விட்டிட்டு வந்த கதை இருக்குதோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. எல்லாருக்கும் அப்பிடி இருக்காது தான், ஆனா எங்கட சனத்தில கனபேருக்கு இருக்கும்.

அம்மா உங்கட புத்தகத்தைப் பேப்பர்காரனுக்கு வித்தது உண்மையோ?

உண்மை. 2016. நான் ஒபிஸுக்குப் போனாப் பிறகு பழைய பேப்பர், போத்தல் எடுக்கிற ஆள் வந்திருக்கிறார், அம்மா ஒரு மாசப் பேப்பரோட சேர்த்து மேசைக்குக் கீழ இருந்த கட்டையும் தூக்கிக் குடுத்திட்டா, கிலோக் கணக்கில. 11 புத்தகம். அதில மூண்டு திரும்பக் கிடைக்கவே இல்லை, இண்டைக்கும் தேடுறன். நான் ரோட்டு ரோட்டாத் திரிஞ்சன், பாமன்கடை வரைக்கும் போய்க் கேட்டன், தராசோட போற ஆக்களில ஒருத்தருக்கும் தெரியேல்லை. அண்டைக்கு அழுதன், அம்மாவோட ரெண்டு நாள் கதைக்கேல்லை. அவவுக்கு விளங்கேல்லை, "பழசு தானே, புதுசு வாங்கித்தாறன்" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னா, அதைக் கேக்கக் கேக்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அதுக்குப் பிறகு கோல்பேஸில கடலை வாங்கினாச் சுருளைப் பிரிச்சுப் பார்க்கிற பழக்கம் வந்திட்டுது. கூடுதலா ஆரோ ஒரு பள்ளிக்கூடத்துச் சோதினைப் பேப்பராத் தான் இருக்கும். என்னதைக் காணேல்லை.

இதில நான் கண்ட ஒரே வழி, புத்தகம் நிலத்தில இருக்கக் கூடாது. நிலத்தில கிடக்கிறது எல்லாம் அம்மாக்களின்ர கண்ணுக்கு எறியிற சாமான். தட்டில நிமித்தி அடுக்கினா அது வீட்டுத் தளபாடம். இவர் அடுத்த மாசமே தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து சுவரோட தட்டு அடிச்சுத் தந்தார், அண்டையில இருந்து ஒண்டும் போகேல்லை.

இவர் வாசிக்கிறவரோ?

இல்லை. கலியாணம் முடிச்சு 13 வருசம், ஒரு நாவல் கூட முழுசா வாசிக்கேல்லை. ஆனா செப்டெம்பரில பிஎம்ஐசிஎச்சில (பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம்) புத்தகக் கண்காட்சி வந்தா லீவு போட்டிட்டு வருவார், பை தூக்குவார், சனத்துக்குள்ள எனக்குப் பாதை எடுத்துத் தருவார், பேந்து வெளியில வாகனத்தில இருந்து தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பார், ஒரு நாளும் "முடிஞ்சுதோ" எண்டு கோல் எடுத்ததில்லை. வாசிக்காத மனுசனோட எப்பிடிக் குடும்பம் நடத்துறது எண்டு கேக்கிற பிள்ளையளுக்கு நான் சொல்றது, வாசிக்கிற மாப்பிள்ளையைத் தேடி மினக்கெடாதேங்கோ, வாசிக்கிற உங்களை இருக்க விடுற ஆளோ எண்டு பாருங்கோ.

வீட்டாக்களை வாசிக்க வைக்க ஏதாவது செய்து பார்த்தனீங்களோ?

செய்யாத வேலை இல்லை. கட்டிலடியில வைச்சன், சொல்லிச் சொல்லிப் பார்த்தன், சின்னப் புத்தகமாத் தெரிவு செய்து குடுத்தன், "பத்துப் பக்கம் மட்டும்" எண்டு கெஞ்சினன். ஒண்டும் சரிவரேல்லை. நான் குடுக்கக் குடுக்க அவைக்கு அது வீட்டுவேலை மாதிரி வந்திட்டுது.

சரிவந்தது ஒரே ஒருக்கா, அதுவும் நான் திட்டம் போட்டுச் செய்யேல்லை. 2022 மார்ச் கடைசி, 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இரவு எட்டு மணி, ரீவி இல்லை, ஃபான் இல்லை, போனில சார்ஜ் இல்லை, வெக்கை எண்டா அப்பிடி ஒரு வெக்கை, பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் நிலத்தில பாய் போட்டு இருக்கிறம். நான் எமர்ஜென்சி லைற்றுக்குக் கிட்ட ஒரு பழைய நாவலோட. புகையிலைத் தோட்டம் செய்யிற ஒரு குடும்பத்தின்ர கதை. அம்மா உள்ளி உரிச்சுக்கொண்டு இருந்தவ, "சும்மா தானே இருக்கிறம், சத்தமா வாசியன்" எண்டா. பொழுதுபோகாமல் தான் கேட்டவ.

வாசிச்சன். ஒரு அஞ்சாறு பக்கம் ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. புகையிலையைக் குடிலில தூக்கிப் புகை போடுற இடம் வந்தது. அம்மாவின்ர கை நிண்டிட்டுது. "பொச்சுமட்டை போட்டுத் தான் புகை போடுறது, உதை அந்தாள் எழுதேல்லையோ?" எண்டா. அடுத்த பந்தியில எழுதியிருந்தார், வாசிச்சுக் காட்டினன், "ம், தெரிஞ்ச மனுசன் தான்" எண்டு தலையாட்டினா. பேந்து எனக்கு வாசிக்க விடேல்லை. தாத்தாவின்ர தோட்டம், இரவிரவா எழும்பிப் புகை பார்க்கிறது, கண் எரிஞ்சு தண்ணி வாறது, அந்த மணம் பள்ளிக்கூடச் சட்டையில கூடப் பிடிச்சிருக்கும் எண்டு பக்கத்தில இருக்கிற பிள்ளை தள்ளி இருந்தது, எல்லாம் சொன்னா, அரை மணித்தியாலம். என்ர 36 வயசுக்கு நான் அம்மாவிட்ட இருந்து கேட்டிராத கதை. மகன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு இருந்தான். கரண்ட் வந்தோடன அம்மா எழும்பி உள்ளியையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போட்டா.

அடுத்த நாள் விடிய, தேங்காய் துருவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "பேந்து அந்தப் பெடிச்சியை என்ன செய்தவையள்?" எண்டு கேட்டா.

அந்த நாவலைக் கரண்ட் கட்டிலயே முடிச்சம், மூண்டு கிழமை. கரண்ட் ஒழுங்கா வந்தாப் பிறகு அம்மா திரும்ப நாடகத்துக்குப் போட்டா, அது அவவின்ர விருப்பம். ஆனா எனக்கு ஒண்டு விளங்கிச்சுது. அம்மாவுக்குக் கதை பிடிக்காமல் இல்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு தனிய ஒரு மூலையில இருந்து எழுத்துக் கூட்டுறது தான் பிடிக்கேல்லை. சத்தமா வாசிக்கிறது வேற ஒரு சாமான். முந்தி ஊரில கோயிலில புராணம் படிப்பினம், ஒராள் வாசிக்க ஒராள் பயன் சொல்லுவார், சனம் இருந்து கேக்கும், எங்கட ஆக்கள் அப்பிடிக் கேட்டுப் பழகின ஆக்கள். இப்ப மாசத்தில ஒருக்கா ரெண்டு தரம், அம்மா மரக்கறி வெட்டேக்க நான் பக்கத்தில இருந்து ஒரு சிறுகதை வாசிப்பன். நல்லாயில்லாட்டி "உது சரியில்லை, வேற எடு" எண்டுவா. சரியான விமர்சகர்.

நண்பர்கள் "கதையைச் சுருக்கமாச் சொல்லு" எண்டு கேட்டா?

நான் சொல்றேல்லை. அதுக்குப் பதிலா எனக்குப் பிடிச்ச ஒரு இடத்தை மட்டும் சொல்லுவன், ஒரு மனுசி கிணத்தடியில நிண்டு என்ன செய்தா எண்டு, அவ்வளவு தான். கேக்கிறவைக்கு ஆசை வந்தா மிச்சத்தைக் கேப்பினம், வராட்டிப் பரவாயில்லை, கிரிக்கெட் கதைப்பம். ஒபிஸில மத்தியானச் சாப்பாட்டு மேசையில இப்பிடிச் சொல்லப்போய் எங்கட ஸ்ரோஸில வேலை செய்யிற மட்டக்களப்புத் தம்பி ஒராள் புத்தகம் இரவல் கேட்டவன், ஆறு பேருக்குள்ள ஒராள், எனக்கு அது போதும்.

"இந்த வயசில கதைப்புத்தகமோ" எண்டு நக்கல் அடிக்கிற ஆக்களுக்கு?

மறுமொழி சொல்லாதேங்கோ. வாசியுங்கோ.

பிள்ளை வாசிக்கிறானோ?

இந்த வருசம் அஞ்சாம் ஆண்டு, புலமைப்பரிசில் சோதினை. பள்ளிக்கூடம், ரியூசன், பேந்து வினாத்தாள், சனி ஞாயிறும் அதே, பத்து வயசுப் பிள்ளைக்குக் கதைப்புத்தகத்துக்கு எங்க நேரம் எண்டு நீங்களே சொல்லுங்கோ. எனக்கு இதில சரியான கோவம் இருக்கு. ரெண்டாம் ஆண்டில இருக்கேக்க அவன் ஒரு படக்கதைப் புத்தகத்தை மட்டை கழரும் வரைக்கும் வாசிச்சவன், இப்ப தாளைக் கண்டாக் கையில பென்சிலோட சரியான விடையின்ர கீழ கோடு இழுக்கத் தேடுறான். நான் ஒரு வேலை தான் செய்யிறன், படுக்கேக்க பத்து நிமிசம் வாசிச்சுக் காட்டுறது, அதில கேள்வி கேக்கிறேல்லை, "இதில என்ன படிப்பினை" எண்டு ஒரு நாளும் கேக்கிறேல்லை. லைற்றை நூத்தாப் பிறகும் "ஒரு பக்கம் மட்டும்" எண்டு கேப்பான். சில நாள் வாசிப்பன், சில நாள் எனக்கே நித்திரை வந்திடும்.

புத்தகம் இரவல் குடுக்கலாமோ?

குடுங்கோ, ஆனா கடையில திரும்ப வாங்கக்கூடியதை மட்டும். கிடைக்காத புத்தகம் எண்டா வீட்டை வந்து வாசிக்கச் சொல்லுங்கோ, தேத்தண்ணி தாறன் எண்டு சொல்லுங்கோ. நான் ஒரு சீஆர் கொப்பியில (மட்டை போட்ட பெரிய கொப்பி) பெயர், திகதி எழுதுறனான், எழுதேக்க வாங்கிற ஆள் பார்க்கோணும், அப்ப தான் ஞாபகம் நிக்கும். ஒரு சிநேகிதி கொண்டுபோன தொகுதி ரெண்டு வருசத்தால மஞ்சள் கறையோட வந்தது, 40ஆம் பக்கத்தில ஒரு கறிவேப்பிலை. அவ சமைச்சுக்கொண்டு வாசிச்சிருக்கிறா. அந்தப் புத்தகம் பழுதாப் போனதில எனக்குக் கவலை தான், ஆனாலும் சமைச்சுக்கொண்டு வாசிக்கிற அளவுக்குப் பிடிச்சிருக்கு எண்டு நினைச்சு ஒண்டும் சொல்லேல்லை.

கலியாணம், பிறந்தநாளுக்குப் புத்தகம் பரிசாக் குடுக்கலாமோ?

வாசிக்கிற ஆளுக்குக் குடுங்கோ. மற்றவைக்குக் காசு என்வலப் தான் மரியாதை.

கொழும்பில தமிழ்ப் புத்தகம் எங்க வாங்குறனீங்கள்? காசு?

புதுசு எண்டாப் பூபாலசிங்கம், செட்டியார் தெருவில நகைக்கடையளுக்கு நடுவில ஒண்டு, வெள்ளவத்தையில ஒண்டு. செட்டியார் தெருவுக்கு 100 பஸ்ஸில புறக்கோட்டையில இறங்கி நடக்கலாம், நான் கூடுதலா ரயிலில கோட்டைக்குப் போறது, கடல் பார்த்துக்கொண்டு வாசிக்கலாம் எண்டதுக்காகவே. பீப்பிள்ஸ் பார்க்கில சேமமடு. பழசு எண்டா மருதானை, ஆனா அங்க தமிழ் குறைவு, மூண்டு மணித்தியாலம் கிண்டி ரெண்டு கிடைச்சா அதிர்ஷ்டம், வெறுங்கையோட வந்த நாள் கூட.

விலை கூட தான். 2022இல டொலர் 200 ரூபாவில இருந்து 360க்குப் போனதோட இந்தியாவில இருந்து வாற புத்தகம் எட்டாத உயரத்துக்குப் போட்டுது, அதே வருசம் தாள் இல்லாமல் பள்ளிக்கூடத் தவணைச் சோதினையையே தள்ளிவைச்ச நாடு இது, பேந்து 2024 ஜனவரியில புத்தகத்துக்கும் 18% வாட் வரி போட்டாங்கள். நான் மாசம் ஒரு புத்தகம் எண்டு கணக்கு வைச்சிருக்கிறன், மிச்சம் நூலகம். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு முன்னால கொழும்பு பொது நூலகம் 1925இல தொடங்கினது, தமிழும் இருக்கு. நூலகங்களில புத்தகத்தை இலக்கம் போட்டு அடுக்கிற டூயி முறையில தமிழ் இலக்கியத்துக்கு இலக்கம் 894.811, அதை மனப்பாடம் பண்ணி வையுங்கோ, எந்த நூலகத்துக்குள்ளயும் ஒருத்தரையும் கேக்காமல் நேர அந்தத் தட்டுக்குப் போகலாம். வீட்டுக்குக் கிட்ட எண்டா 57ஆம் ஒழுங்கையில கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். அங்க போனா எனக்கு ஊர் வாசிகசாலை ஞாபகம் வரும்.

கடற்கரைப் பக்கம் புத்தகம் பழுதாகுதே, என்ன செய்யிறது?

வெள்ளவத்தை உப்புக்காத்துக்கு இரும்பே நிக்காது, தாள் எப்பிடி நிக்கும். அனுபவத்தில சொல்றன், தட்டைச் சுவரோட ஒட்டாதேங்கோ, ரெண்டு அங்குலமாவது விடுங்கோ, மழைக்காலத்தில சுவர் வேர்க்கும். நெருக்கி அடுக்காதேங்கோ, விரல் போற அளவு இடம் வேணும். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டை மெல்லிய துணியில கட்டி வைக்கலாம், ஏட்டுச் சுவடி காலத்தில இருந்தே செய்தது. பழைய கடைப் புத்தகம் எண்டா உடன தட்டில வைக்காதேங்கோ, பொலித்தீன் பையில காத்துப் போகாமல் கட்டி ஒரு கிழமை ஃபிரீசரில வையுங்கோ, பூச்சியும் முட்டையும் செத்திடும், வெளியில எடுத்தாலும் ஒரு நாள் பையைத் திறக்காதேங்கோ, திறந்தா ஈரம் பிடிச்சிடும். (அம்மாவுக்கு முதலே சொல்லிப்போட்டு வையுங்கோ, மீன் பார்சலுக்குப் பக்கத்தில புத்தகம் கண்டா என்ன சொல்லுவா எண்டு எனக்குத் தெரியும்.)

துருப்பிடிச்ச ஸ்டேப்பிள் கம்பியைக் கட்டாயம் எடுத்திடுங்கோ. இழுக்கக் கூடாது, முதல்ல பின்னுக்கு மடிஞ்ச கால் ரெண்டையும் மொட்டைக் கத்தியால மெதுவா நிமித்தி, பேந்து முதுகுப் பக்கத்தால தூக்கோணும். அதே ஓட்டைக்குள்ளால வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டா இன்னொரு முப்பது வருசம் இருக்கும். செலோடேப் ஒட்டவே ஒட்டாதேங்கோ, அது மஞ்சளாகித் தாளையும் சேர்த்துத் திண்டிடும்.

எல்லாம் பீடிஎஃப் வந்திட்டுது, ஏன் இன்னும் தாள்?

நூலகம் எண்டு ஒரு இணைய நூலகம் 2005இல இருந்து எங்கட நாட்டுத் தமிழ்ப் புத்தகம், சஞ்சிகை, பேப்பர், கோயில் கும்பாபிஷேக மலர் வரைக்கும் ஸ்கான் பண்ணி இலவசமாப் போடுது. யாழ்ப்பாண நூலகம் 1981இல 97,000 புத்தகத்தோட எரிஞ்ச சனத்துக்கு இது எவ்வளவு பெரிய வேலை எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அம்மா வித்த 11இல அஞ்சை நான் அதில தான் திரும்பக் கண்டு வாசிச்சன். மிச்ச மூண்டு கடையில கிடைச்சுது. ஆனா ஸ்கான் பண்ண முதல்ல ஒரு தாள் பிரதி ஆரின்ரயாவது வீட்டில தப்பி இருக்கோணும், அது தான் நான் வைச்சிருக்கிறன்.

கதைக்கிறதுக்கு ஆக்களை எங்க தேடுறது?

நூல் வெளியீடுகளுக்குப் போங்கோ. தமிழ்ச் சங்கத்தில சங்கரப்பிள்ளை மண்டபத்தில அடிக்கடி நடக்கும். மங்கல விளக்கு, தமிழ் வாழ்த்து, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பேந்து வரிசையாப் போய் என்வலப்பைக் குடுத்துப் புத்தகம் வாங்கிறது, பேச்சுகள் நீளும், பொறுமை வேணும். மேடையைப் பார்க்காதேங்கோ, பின் வரிசையைப் பாருங்கோ. வாங்கின உடன புத்தகத்தைத் திறந்து பேச்சைக் கேக்காமல் வாசிச்சுக்கொண்டு ஒராள் இருப்பார், அவர் தான் உங்கட ஆள்.

எனக்கு அப்பிடித் தான் ஒரு அக்கா கிடைச்சவ, கொட்டாஞ்சேனையில இருக்கிறா, ஊர் அட்டன் பக்கம், வீட்டில அவவும் தனி வாசகி. ரெண்டு பேரும் வேற வேற தமிழ் கதைக்கிறம், நான் "எண்டு" எண்டுவன், அவ "என்னு" எண்டுவா. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கோல் எடுப்பா, சுகம் விசாரிக்கிறேல்லை, "அந்த மூனாவது கதைய வாசிச்சியாம்மா?" எண்டு தான் தொடங்கும். வீட்டில எல்லாருக்கும் தெரியும், அந்த ஒரு மணித்தியாலம் என்னைக் கூப்பிடமாட்டினம். மகன் அவவுக்குப் "புத்தகப் பெரியம்மா" எண்டு பெயர் வைச்சிருக்கிறான்.

இதெல்லாத்தையும் கடைசியில என்ன செய்யப் போறியள்?

பட்டியல் எழுதிறன். அதே சீஆர் கொப்பியின்ர பின் பக்கத்தில இருந்து. தலைப்பு, வருசம், எங்க வாங்கினது, இணையத்தில ஏற்கெனவே இருக்கோ இல்லையோ எண்டு நாலு நிரல். இல்லாததுக்குச் சிவப்புப் புள்ளி, அதெல்லாம் ஸ்கான் பண்ணக் குடுக்கிறதுக்கு. இரட்டைப் பிரதி உள்ளது தமிழ்ச் சங்கத்துக்கு. மகனுக்கு எண்டு ஒண்டும் ஒதுக்கேல்லை, கேட்டாக் குடுப்பன். அப்பா போன கிழமை வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டு ரெண்டு பக்கம் மேலயிருந்து கீழ விரலால தடவி வாசிச்சார், ஒரு இடத்தில விரல் நிண்டுது, "இது எங்களிட்டயும் இருந்தது" எண்டார். அந்த வரிக்குப் பக்கத்தில பென்சிலால ஒரு சின்ன அடையாளம் போட்டு வைச்சன். இப்ப 280ஆம் இலக்கத்தில நிக்கிறன், இன்னும் ரெண்டு தட்டு இருக்கு.